மதார் பிறையின் பதினோராம் புள்ளி

மதார் பிறையைப் பார்க்க எங்கள் பவளத்துறையில் எவரும் கழுத்தைத் தூக்குவதில்லை. நோன்புப் பிறை என்றால் மாலை அஸர் தொழுத கையோடு ஆண்கள் அத்தனை பேரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், பெருநாள் பிறை என்றால் கைக்குழந்தையையும் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள், சஃபர் பிறையை முஸீபத்து என்கிற கெடுதிக்குப் பயந்து பார்ப்பார்கள், மவ்லூதுப் பிறையை நெய்ச்சோற்றுக்கு ஆசைப்பட்டுப் பார்ப்பார்கள். ஆனால் கிதாபில் ஜமாதுல் அவ்வல் என்று எழுதியிருக்கிற, நாங்கள் மதார் பிறை என்று சொல்கிற அந்த மாதத்துக்கு நோன்பும் கிடையாது, பெருநாளும் கிடையாது, மதார் என்ற அவுலியா பேரில் நடந்த கந்தூரி விருந்தும் நின்று எத்தனையோ காலமாகிவிட்டது, ஆகவே அது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று விட்டுவிட்டார்கள். அப்படி விடப்பட்ட பிறைதான் ஒரு திங்கட்கிழமை சூரியன் அடைகிற மஃரிபுக்கு ஹவ்வா நாச்சியின் வீட்டு முற்றத்தில், துணி காயப்போடும் கொடியில், ஒரு கைத்துண்டுக்கும் சின்ன மகளின் பாவாடைக்கும் நடுவே வந்து தொங்கியது.

ஹவ்வா நாச்சி அப்போது இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், நகை கூடாது, அத்தர் கூடாது, மருதாணி கூடாது, வெளி ஆண் யாரும் அவள் முகம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஊர் நடப்பு. அந்த நான்கு மாதமும் சுவரில் தொங்குகிற இங்கிலீஷ் மாதம் அல்ல, பிறை மாதம். இருபத்தொன்பதாம் நாள் சூரியன் அடைந்ததும் பிறை தெரிந்தால் மாதம் அத்தோடு முடிந்தது, தெரியாவிட்டால் முப்பது, முப்பத்தொன்று என்பது கிடையவே கிடையாது. அவள் கணவன் அன்சார்தீன் ஆறு வருஷம் படுக்கையில் கிடந்துவிட்டு, முஹர்ரம் பிறை கண்ட அன்று மஃரிபுக்குச் சற்று முன்னால் கண்ணை மூடினான். மையித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் பிறையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள், அதனால் கணக்கின் ஆரம்பத்தில் ஒரு தகராறும் இல்லை. அவனைப் புரட்டிப் புரட்டிப் போட்டுப் பழகிய அவள் கைகள் சும்மா இருக்க மாட்டாமல் துவைத்த துணியையே திரும்பத் துவைத்துக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்தோம்.

நாங்கள் என்றால் அந்தத் தெருப் பெண்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பின்பக்கம் ஒரு முடுக்கு உண்டு, ஆண்கள் கால் வைக்காத குறுகலான சந்து. அதன் வழியாகத்தான் நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதும் வருவதும், உப்பு வாங்குவதும் ஊர்க்கதை பேசுவதும், அதன் வழியாகத்தான் ஹவ்வாவுக்குச் சர்க்கார் கடிதம் வந்ததும் எங்களுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு, நவம்பர் பதினைந்து வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, கலெக்டர் ஆபீஸ், வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. பிறை வருஷம் சூரிய வருஷத்தைவிடப் பதினொரு நாள் குறைச்சல், அதனால் எங்கள் கணக்கில் அவள் நாற்பத்தொன்றை முடித்துவிட்டாள், சர்க்கார் கணக்கில் நாற்பது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அடுத்த முறை என்று ஒன்று அவளுக்கு இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, யார் வீட்டுச் சோற்றையும் எதிர்பார்க்காமல் இருக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அந்த வெள்ளிக்கிழமைதான்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். முஹர்ரம் முப்பது, சஃபர் இருபத்தொன்பது, மவ்லூது முப்பது, இப்போது ஓடுகிற முஹையித்தீன் ஆண்டவர் பிறை இருபத்தொன்பதில் முடிந்தால், வரும் மதார் பிறையில் பத்து நாள் போய், வியாழக்கிழமை மஃரிபு பாங்கோடு இத்தா முடியும், வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்குப் போய்விடலாம். முப்பதில் முடிந்தால் வெள்ளிக்கிழமை மஃரிபுக்குத்தான் முடியும், அதற்குள் அங்கே அதிகாரி அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள் வானத்தின் கையில் இருந்தது என்றால் அல்லாஹ்வின் நாட்டம் என்று வாயை மூடிக்கொண்டிருப்போம். அது மாதம் எப்போது பிறக்கிறது என்று அறிவிக்கிற பள்ளிவாசல் பிறைக் கமிட்டியின் கையில் இருந்தது, அதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கமிட்டியின் செயலாளர் செய்யிது கபீர், ஹவ்வாவுக்கு வேறு யாருமல்ல, அன்சார்தீனின் கூடப்பிறந்த அண்ணன். ஆறு வருஷம் தம்பி கிடந்தபோது பெருநாளுக்குப் பெருநாள் எட்டிப்பார்த்தவர், தம்பி போனதும் தம்பி பெண்டாட்டியின் மரியாதைக்குக் காவல்காரர் ஆகிவிட்டார். குடும்பத்துப் பெண் பள்ளிக்கூடத்தில் சோறு ஆக்கிப்போடுவதா என்று பள்ளிவாசல் வராந்தாவில் கேட்டாராம். ஹவ்வா மூத்த மகளை அனுப்பி, திங்கட்கிழமை யாராவது இரண்டு பேர் கடற்கரைக்குப் போய் மதார் பிறையைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டபோது, அந்தப் பிறையை யார் பார்ப்பார்கள், முப்பதாகப் பூர்த்தி செய்து காலண்டரே அடித்தாகிவிட்டது என்று சிரித்தார். மேகம் மறைத்துவிட்டால் முப்பதாகப் பூர்த்தி செய்துகொள்ளுங்கள் என்பது மார்க்கம் கொடுத்த சலுகை, தேடிப்போயும் கிடைக்காதவனுக்குக் கொடுத்தது. இவர்கள் தேடவே போகாமல், தெரியவில்லை ஆகவே முப்பது என்று எழுதினார்கள், கண்ணை மூடிக்கொண்டு இருட்டு என்று சாதிப்பவர்களிடம் என்ன பேச முடியும்.

அவசியம் என்றால் இத்தாவிலும் பகலில் வெளியே போய் வரலாம், கிதாபில் இடம் இருக்கிறது என்று எங்கள் இமாம் மெல்லச் சொல்லிப்பார்த்தார். எது அவசியம் என்பதைக் கமிட்டி முடிவு செய்யும் என்றார் கபீர். இமாமுக்கு அடுத்த ஜும்ஆவுக்கும் அந்த மிம்பர் மேடையில் ஏற வேண்டியிருந்தது, அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை மழை விட்டு வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. கடற்கரையில் ஒரு மனிதன் இல்லை. பாங்கு சொல்லி முடிந்ததும் துணி எடுக்க முற்றத்துக்கு வந்த ஹவ்வா நாச்சி, கொடியில் தான் காயப்போடாத ஒன்று தொங்குவதைப் பார்த்தாள். நறுக்கிப்போட்ட நகம்போல் மெலிசாக, நனைந்த துணியின் குளிர்ச்சியோடு, காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் கூச்சல் போடவில்லை. பிறை கண்டால் ஓதுகிற துஆவை ஓதினாள், பாவாடையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு அதற்கு இடம் விட்டாள், பிறகு மூத்தவளைக் கூப்பிட்டு முடுக்கில் போய்ப் பெண்களுக்குச் சொல்லச் சொன்னாள். தன்னை ஒரு மனுஷி எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் யார்தான் அங்கே போக மாட்டார்கள், பிறை மட்டும் என்ன விதிவிலக்கா.

ராத்திரி இஷா தொழுகைக்குள் நாற்பத்து மூன்று பேர் வந்து பார்த்துவிட்டோம். எங்கள் தெருவில் மூத்தவளான மைமூன் லாத்தா கிட்டே போய், முதல் பிறைதான், சந்தேகமே இல்லை, கொம்பு இரண்டும் சரியாக இருக்கிறது என்றாள். நாற்பத்து மூன்று பேரும் சாட்சி என்று ஒரு தாளில் எழுதிக் கமிட்டிக்கு அனுப்பினோம். பதில் உடனே வந்தது: இரண்டு ஆண்கள் பார்த்திருக்க வேண்டும். சரி, இரண்டு ஆண்கள் வந்து பாருங்கள் என்றோம். இத்தா இருக்கிற வீட்டுக்குள் வெளி ஆண் எப்படி நுழைவது என்று கேட்டார்கள். அப்படியானால் பார்த்த எங்களை நம்புங்கள் என்றோம். மறுபடியும், இரண்டு ஆண்கள் பார்த்திருக்க வேண்டும். செக்குமாடு மாதிரி அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை, எங்களில் சிலர் அழுதார்கள், நான் அந்தத் தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். எங்கள் வயிற்றில் பிறந்தவனுக்கு இருக்கிற கண் எங்களுக்கு இல்லையாம்.

அன்றைக்கு மைமூன் லாத்தாதான் ஒரு காரியம் செய்தாள். அரைத்து வைத்திருந்த மருதாணியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, சுட்டுவிரலைத் தோய்த்து, பிறையின் வயிற்றில் ஒரு புள்ளி வைத்தாள். ராத்திரிக்கு ஒன்று, ஒருத்திக்கு ஒன்று, எண்ணிக்கை தப்பாமல் இருக்கட்டும் என்றாள். ஹவ்வா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், இத்தாவில் இருக்கிறவள் மருதாணியைத் தொடக் கூடாதே. மறுநாள் அந்தப் புள்ளி சிவந்திருந்தது, மைமூன் லாத்தாவின் விரல் நுனியும் சிவந்திருந்தது.

பிறகு அது எங்களுக்குப் பழகிவிட்டது. பகலில் கஞ்சி வடித்த தண்ணீர் நிறத்தில் வெளிறிக் கிடக்கும், மஃரிபுக்கு வெளிச்சம் ஏறும். கரண்ட் போன வேளைகளில் அரிசி புடைக்கவும் மீன் அலசவும் அந்த முற்றத்துக்கு வந்தோம், பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள், காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்றை அதன் அடியில் படுக்கவைத்து எடுத்தார்கள், அதே கொடியில் துணி காயப்போடுவது அதபா, மரியாதையா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை போட்டுப் பேச்சை விட்டார்கள். முற்றத்துக் கிணறு காலையும் மாலையும் கடல் போல ஏறி இறங்கியது, ஏறுகிற நேரம் பார்த்து நாங்கள் கையாலேயே மொண்டுகொண்டோம். ஏழாம் நாள் பாதி வட்டம் ஆகிவிட்டது, கனம் தாங்காமல் கொடி அறுந்தது, ஆறு பேர் சேர்ந்து தூக்கி ஊஞ்சல் பலகையில் உட்காரவைத்தோம். ஆறாம் புள்ளி நான் வைத்தது. நடுவில், கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இதில் எதுவும் எனக்குப் பெரிதில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. திங்கட்கிழமையில் இருந்து அத்தனை ராத்திரியும் எங்கள் ஊர் வானத்தில் நிலா இல்லை, அது இங்கே ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறது, வானம் மொட்டையாகக் கிடக்கிறது, ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போய் வருகிற எங்கள் ஆண்களில் ஒருவர், ஒரே ஒருவர், அதைக் கவனிக்கவில்லை. காலண்டரில் தினமும் தாளைக் கிழித்தார்கள், பள்ளிவாசல் பலகையில் தினமும் சாக்பீஸால் இன்று பிறை இத்தனை என்று எழுதினார்கள், எங்கள் புள்ளியைவிட ஒன்று குறைவாக, அழகான கையெழுத்தில். கேட்டது ஒருவன்தான், மீன் கொண்டுவருகிற மரியதாஸ். அடுத்த குப்பத்துக்காரன், ஓதம் பார்த்துக் கடலுக்குப் போகிறவன். முடுக்கு முனையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஏந் தாயி, ஒரு வாரமா கடல் என்னத்தையோ தொலைச்ச மாதிரி கெடந்து தவிக்குது, ஒங்க ஊரு ஆம்பளைங்க ஒண்ணுஞ் சொல்லலியா" என்று கேட்டான். அவர்களுக்குக் காலண்டர் இருக்கிறது என்று சொன்னேன்.

வியாழக்கிழமை வந்தது. மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் செய்யிது கபீர் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஹவ்வா வீட்டுத் தலைவாசலில் வந்து நின்றார். நாங்கள் பின்னால் முற்றத்தில் இருந்தோம், புள்ளி வைத்த பத்துப் பேரும். ஊஞ்சல் பலகையில் நிலா முக்கால்வாசிக்கு மேல் நிறைந்து, தூண்களில் முட்டிக்கொண்டு இருந்தது. கதவு சாத்தியிருந்தது. கபீர் வெளியே இருந்து உரக்கச் சொன்னார், தெருவுக்கே கேட்க வேண்டும் என்று சொன்னார்: இன்றைக்கு மஃரிபுக்குப் பிறகுதான் பத்தாம் பிறை தொடங்குகிறது, நாளை மஃரிபுவரை இத்தா இருக்கிறது, அதற்குள் அவள் வாசல்படி தாண்டினால் இத்தாவை முறித்தவள் என்று ஜமாஅத் புத்தகத்தில் எழுதப்படும், நாளைக்கு அவள் பெண் பிள்ளைகளின் நிக்காஹ்வுக்கு எந்தப் பள்ளிவாசலும் புத்தகத்தைத் திறக்காது. அந்தப் பிள்ளைகள் இரண்டும் கதவுக்குப் பின்னால் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றன. பிள்ளைகளை வைத்து மிரட்டுகிற மனிதன் வணக்கத்துக்கு முன்வரிசையில் நிற்கிறவன், இதை நான் எங்கே போய்ச் சொல்வது.

ஹவ்வா நாச்சி கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே பேசினாள்.

"மச்சான், நீங்க சொல்றது பத்தாம் பிறைதானே?"

"ஆமா."

"பத்தாம் பிறைன்னா இந்நேரத்துக்கு கடலுக்கு மேல நல்லா ஏறி நிக்கணும். உங்க காலண்டர்ல இருக்கிறதை வானத்துல கொஞ்சம் காட்டுங்க. இருக்கிற அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பாருங்க."

முன்னறைக்கு ஓடி வந்து ஜன்னல் இடுக்கு வழியாக நாங்கள் பார்த்தோம். பத்து நாளில் முதல் தடவையாக அவர்கள் நிமிர்ந்தார்கள். தொப்பி விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தார்கள், உச்சியைப் பார்த்தார்கள், சந்தேகத்துக்கு மேற்கேயும் திரும்பிப் பார்த்தார்கள். மாசு மருவில்லாத வானம். அதில் ஒன்றுமே இல்லை. ஒரு பெரியவர் பாவமன்னிப்புக் கேட்டு இஸ்திஃபார் ஓத ஆரம்பித்தார், இன்னொருவர் எத்தனை நாளாக இப்படி என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. கபீர் மட்டும் மேகம் என்றார். மேகம் எங்கே என்று அவர் பக்கத்து ஆளே கேட்டுவிட்டார்.

அப்போது மஃரிபு பாங்கு கேட்டது. எங்கள் மார்க்கத்தில் நாள் பிறப்பது விடியலில் அல்ல, சூரியன் அடைகிறபோது. அந்தப் பாங்கோடு நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்தன, பதினோராம் ராத்திரி பிறந்தது. ஹவ்வா முற்றத்துக்கு வந்தாள். மைமூன் லாத்தா மருதாணிக் கிண்ணத்தை நீட்டினாள். நான்கு மாதமாக எதையும் தொடாத அந்த விரலை ஹவ்வா கிண்ணத்தில் அழுத்தி எடுத்து, எங்கள் பத்துப் புள்ளிக்கும் கீழே பதினோராவதாக ஒன்று வைத்தாள், வைத்துவிட்டு உள்ளங்கையை நிலாவின் மேல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊஞ்சலை, பிள்ளையைத் தள்ளிவிடுகிற மாதிரி, ஒரு தள்ளுத் தள்ளினாள்.

அது எழுந்து போனது. முற்றத்துக்கு மேலே, ஓட்டுக்கு மேலே, பள்ளிவாசல் மினாராவுக்கு மேலே ஏறிப்போய்த் தன் இடத்தில் நின்றது. பத்துச் சிவப்புப் புள்ளியும் ஒரு ஈரப் பச்சைப் புள்ளியும் ஊர் முழுக்கத் தெரிந்தன, அடுத்த குப்பத்தில் மரியதாஸுக்கும் தெரிந்திருக்கிறது. தெருவில் நின்றவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். நாங்கள் முடுக்கைச் சுற்றி ஓடித் தெருமுனைக்கு வந்தோம்.

செய்யிது கபீர் உதடு அசையச் சிவப்பை மட்டும் எண்ணினார். ஒரு தடவை எண்ணிவிட்டு இன்னொரு தடவை எண்ணினார். பிறகு எல்லோரும் கேட்கச் சொன்னார்: "பத்துதான் இருக்கு. பத்தாம் பிறை. கமிட்டி சொன்னதுதான் சரி."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. நான் என் விரலைத் தூக்கினேன். பக்கத்தில் மைமூன் லாத்தா தூக்கினாள். பத்துப் பேரும் தூக்கினோம், நுனி சிவந்த பத்து விரல்கள். எங்கள் கண்களைக் கணக்கில் சேர்க்காத மனிதர் எங்கள் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார், எண்ணி முடித்து, பத்து, அதைத்தானே நானும் சொன்னேன் என்று வாயைத் திறந்தார். அப்போது அவருக்குப் பின்னால் தலைவாசல் கதவு திறந்தது. வெள்ளைத் துப்பட்டியால் தலையை மூடிக்கொண்டு ஹவ்வா நாச்சி வாசல்படியைத் தாண்டி இறங்கினாள், நேரே அவர் முன்னால் போய் நின்றாள், இன்னும் ஈரம் காயாத விரலை அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கினாள்.

"பதினொன்னு, மச்சான்."

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு அவள் பஸ் ஏறினாள், பஸ் நிற்கிற இடம்வரை நாங்கள் கூடப் போனோம், பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில் சாப்பிட்டன. இன்றைக்கு அவள் நூற்றிருபது பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடுகிறாள், மூத்தவளின் நிக்காஹ் அடுத்த ஊர்ப் பள்ளிவாசலில் நடந்தது, இந்த ஊர்ப் புத்தகம் அவளுக்குத் திறக்கவே இல்லை. மருதாணி இரண்டு வாரத்தில் நிலாவில் மங்கிவிட்டது. ஜமாஅத் புத்தகத்தில் அந்த மாதம் இன்னமும் முப்பது நாளாகத்தான் இருக்கிறது, தப்பு எங்கள் பேரில்தான் என்று ஒரு மனிதர் அவள் வாசலுக்கு வந்து சொல்லவில்லை. மதார் பிறைக்கு இப்போதும் ஆண்கள் யாரும் கடற்கரைக்குப் போவதில்லை. இருபத்தொன்பதாம் நாள் சூரியன் அடைகிற நேரத்துக்கு, துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, நாங்கள் போகிறோம்.